பூ பார்க்கும் நேரம்

வீட்டில் பூச்செடி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "செடி நன்றாகத்தான் வளர்கிறது, மொட்டும் வைக்கிறது. ஆனால் பூத்த மாதிரியே தெரியவில்லையே!" டேபிள் ரோஸ் வாங்கிப் பால்கனியில் வைத்தவர் காலை எட்டு மணிக்கு அலுவலகம் கிளம்புகிறார், இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறார். போகும்போது பார்த்தால் மொட்டு, வந்து பார்த்தால் வாடிச் சுருண்ட இதழ். இடைப்பட்ட நேரத்தில் தொட்டி நிறைய அந்தச் செடி பூத்திருந்ததை எதிர்வீட்டுப் பாட்டிதான் பார்த்திருப்பார். செடியில் ஒரு குறையும் இல்லை. பூவின் நேரமும் வளர்ப்பவரின் நேரமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பூச்செடி வளர்ப்பு பற்றி யாரைக் கேட்டாலும் மண், உரம், தண்ணீர், வெயில் என்று நான்கைச் சொல்வார்கள். ஐந்தாவதாகச் சொல்ல வேண்டியது நேரம். எந்தப் பூ எப்போது விரியும், எவ்வளவு நேரம் நிற்கும், ஏன் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது என்று தெரிந்துகொண்டால், நாலைந்து தொட்டிகளே உள்ள பால்கனியும் நாள் முழுவதும் பார்க்கத் தகுந்ததாகிவிடும். அந்த நேரக் கணக்குக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு அறிவியலும் இருக்கிறது.

விடியலிலிருந்து நள்ளிரவு வரை

நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் செடிகளையே எடுத்துக்கொள்வோம். பொழுது விடியும்போதே செம்பருத்தி விரிந்துவிடும். சங்குப்பூவும் காலைப் பூதான். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணியானதும் டேபிள் ரோஸ் திறக்கும். அதற்குப் பத்துமணிப் பூ என்றும் பெயர் உண்டு. பிற்பகலில் வெயில் தாழும்போது அந்திமந்தாரை. விளக்கேற்றும் நேரத்தில் மல்லிகையும் முல்லையும். இருட்டிய பிறகு பவளமல்லி. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆண்டில் சில இரவுகள் மட்டும், நிஷாகந்தி.

மூடும் நேரமும் இப்படித்தான். டேபிள் ரோஸ் பிற்பகலில் சுருண்டுவிடும். மறுநாள் திறப்பது வேறு மொட்டு. செம்பருத்தி மாலைக்குள் வாடும். அந்திமந்தாரை மறுநாள் காலை வரை நின்று வெயில் வந்ததும் குவியும். பவளமல்லி விடிவதற்குள் தரையில் உதிர்ந்து கிடக்கும். எந்தப் பூ எப்போது விரியும் என்பதைத் தமிழ் இலக்கிய மரபு நன்றாகக் கவனித்திருக்கிறது. முல்லைத் திணைக்கு உரிய சிறுபொழுதாக மாலையை வகுத்தவர்கள், முல்லை அரும்பு எப்போது கட்டவிழும் என்று பார்க்காமல் வகுத்திருக்க முடியாது.

பூவைக் கடிகாரமாக வைத்தவர்கள்

பூக்களை வைத்து நேரம் சொல்லலாம் என்ற யோசனைக்குப் பெயர் வாங்கியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ். 1751-இல் வெளியான தம் நூலில் அவர் 'பூக்கடிகாரம்' ஒன்றை விவரித்தார். எந்தச் செடி எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பட்டியலிட்டதோடு, பூக்களை மூன்று வகையாகவும் பிரித்தார். வானிலையைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்பவை முதல் வகை. பகலின் நீளத்துக்கு ஏற்ப நேரம் மாறுபவை இரண்டாம் வகை. எது எப்படியிருந்தாலும் குறித்த நேரத்தில் திறந்து மூடுபவை மூன்றாம் வகை. கடிகாரம் செய்யக் கடைசி வகைதான் உதவும் என்றார். நம் டேபிள் ரோஸ் முதல் வகையைச் சேர்ந்தது. வெளிச்சமும் வெப்பமும் போதுமான அளவு கிடைத்தால்தான் அது முழுதாக விரியும். மழைமேகம் மூடிய நாளில் மொட்டாகவே நின்றுவிடும்.

ஆனால் லின்னேயசுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இலங்கையில் வீட்டு முற்றங்களில் பூக்கடிகாரம் இருந்திருக்கிறது. இராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பலோட்டி 1660-இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நாட்டிலேயே வாழ்ந்து, பிறகு தப்பித்தார். 1681-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு பூவைப் பற்றிச் சொல்கிறார். அது மாலை நான்கு மணி அளவில் விரியும், இரவெல்லாம் நிற்கும், காலையில் மூடும். மேகம் மறைத்துச் சூரியன் தெரியாத நாட்களில் நேரம் அறிவதற்காகவே மக்கள் அதைக் காட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்தில் நட்டார்கள் என்கிறார். அந்தப் பூ அந்திமந்தாரை என்றே அடையாளம் காணப்படுகிறது. அந்திமந்தாரை அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. போர்த்துகீசியர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகூட ஆகாத காலத்தில் அது கண்டிக் காட்டோரம் வரை பரவி, வீட்டு முற்றத்தில் வேலைக்கும் அமர்ந்துவிட்டிருக்கிறது.

லின்னேயசின் பட்டியல் அவருடைய உப்சாலா நகருக்குத்தான் பொருந்தும். பூமியின் வடக்கே, ஏறத்தாழ 60-ஆம் அட்சரேகையில் உள்ள ஊர் அது. கோடையில் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும். அங்கே எழுதிய நேரம் மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லாது. நம் ஊருக்கான பட்டியலை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இருட்டறையில் ஒரு தொட்டாற்சுருங்கி

பூ நேரத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது? வெயிலைப் பார்த்துத்தான் என்று சொல்லிவிடலாம். 1729 வரை எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த ஆண்டு பிரெஞ்சு வானியலாளர் ஷான்-ஷாக் தொர்த்தூ த மெரான், தொட்டால் சுருங்கும் செடி ஒன்றை வெளிச்சமே புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டுக்குள் இருந்த செடி, வெளியே பகலாக இருக்கும்போது இலைகளை விரித்தது; இரவானதும் கூப்பியது. வெயிலைக் காணாமலே செடிக்குப் பொழுது தெரிந்திருந்தது. பிறகு 1832-இல் சுவிஸ் தாவரவியலாளர் த கந்தோல் இதே போன்ற செடியை ஓயாத வெளிச்சத்தில் வைத்தபோது, அதன் சுற்று 24 மணிக்குப் பதிலாக 22 அல்லது 23 மணி நேரமாகக் குறைந்ததைக் கண்டார். இது முக்கியமான குறிப்பு. வெளியிலிருந்து ஏதோ ஒன்று செடிக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தால் சுற்று சரியாக 24 மணி நேரமாகவே இருந்திருக்கும். மாறியதால், கடிகாரம் செடிக்குள்ளேயே ஓடுகிறது, வெயில் அதைத் தினமும் திருத்தி மட்டும் வைக்கிறது என்று ஆகிறது.

அந்தக் கடிகாரம் சக்கரமும் முள்ளும் இல்லாதது. செல்லுக்குள் இருக்கும் சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்குகின்றன. புரதம் போதுமான அளவு சேர்ந்ததும், தன்னை உண்டாக்கிய வேலையைத் தானே நிறுத்திவிடுகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மிதவைப் பந்து எழும்பிக் குழாயை அடைப்பது மாதிரி. பிறகு அந்தப் புரதம் சிதைந்து குறையக் குறைய, வேலை மறுபடி தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். செடிகளில் விடியலில் உச்சம் பெறும் மரபணுக்கள் மாலையில் வேலை செய்யும் மரபணுக்களை அடக்கி வைக்கின்றன. மாலையில் எழுபவை காலைக்கு உரியவற்றை அடக்குகின்றன. பழ ஈக்களில் இத்தகைய கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஈயின் மரபணுக்கள் வேறு, செடியின் மரபணுக்கள் வேறு. இயங்கும் தத்துவம் ஒன்றுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் வாங்கிய மல்லிகை மொட்டுகளில் கொஞ்சத்தை ஈரத்துணி விரித்த கிண்ணத்தில் போட்டு அலமாரிக்குள் வைத்து மூடிவிடுங்கள். அலமாரிக்குள் அந்தி இல்லை. ஆனாலும் இரவில் திறந்தால் மொட்டு அவிழ்ந்து மணம் வெளியே பாயும்.

மொட்டு எப்படி மலர்கிறது

மொட்டு விரிவது நீரின் வேலை. இதழில் உள்ள செல்கள், சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து போன்றவற்றைச் சர்க்கரையாக உடைக்கின்றன. செல்லுக்குள் சர்க்கரை கூடினால் நீர் உள்ளே இழுக்கப்படும். நீர் புகுந்த செல் உப்பும். இதழின் உட்பக்கச் செல்கள் வெளிப்பக்கச் செல்களைவிட வேகமாகப் பெரிதாகும்போது, இதழ் வெளிநோக்கி வளைந்து திறக்கிறது. பூ அதிகாலையில் விரிய வேண்டுமானால் இந்தச் சர்க்கரை வேலை முந்தைய இரவே தொடங்கியிருக்க வேண்டும்.

பூ வியாபாரமே இந்த விஷயத்தின் மேல்தான் நடக்கிறது. மல்லிகையை விரிந்த பிறகு பறித்தால் சந்தைக்குப் போவதற்குள் வாடிவிடும். அதனால் நன்றாகத் திரண்ட மொட்டாக, அதிகாலையிலேயே பறித்துவிடுகிறார்கள். செடியை விட்டுப் பிரிந்தாலும் மொட்டுக்குள் கடிகாரம் நிற்பதில்லை. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்து, எடை போட்டு, கை மாறி, கட்டிச் சரமாகி, யாரோ ஒருவரின் கூந்தலில் ஏறிய பிறகு, மாலையில் தன் நேரத்துக்கு அது விரிகிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ரகத்தின் தடித்த இதழும், சீக்கிரம் விரியாமல் தாக்குப்பிடிக்கும் குணமும் அதன் பெருமைக்குக் காரணங்கள்.

பூவை ஈரத்துணியில் சுற்றி வைப்பதும் வாழை இலையில் மடித்துக் கொடுப்பதும் நீர் வெளியேறாமல் காக்கத்தான். ஃபிரிட்ஜில் வைத்த மொட்டு மறுநாள் வரை மொட்டாகவே இருப்பது, குளிரில் நொதிகளின் வேலை மெதுவாவதால்தான். ஆனால் அதே ஃபிரிட்ஜில் பழுத்த பழங்கள் இருந்தால் கவனம் வேண்டும். பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு, பல பூக்களை விரைவில் வாட வைக்கும். ஒரே நாளில் வாடும் செம்பருத்திப் பூவுக்குள்ளும் முதுமையை முடுக்கிவிடுவது அதே எத்திலீன்தான். பூஜைக்கு வாங்கிய பூவையும் வாழைப்பழத்தையும் ஒரே பையில் முடிந்து வைக்காமல் இருப்பது நல்லது.

மணமும் நேரம் பார்த்தே வருகிறது. மல்லிகை மணம் ஒரே பொருளால் ஆனதல்ல. பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் முதலான பல பொருட்கள் கலந்து காற்றில் ஆவியாவதே அந்த மணம். இவற்றை உண்டாக்கச் செடிக்குச் செலவு உண்டு. அதனால் மோந்து பார்க்க ஆளில்லாத நேரத்தில் அது மணத்தை வீணடிப்பதில்லை. மாலையில் மணக்கும் பெட்டூனியா பூவை ஆராய்ந்தவர்கள், காலையில் உச்சம் பெறும் கடிகார மரபணு ஒன்று பகலெல்லாம் மணத் தயாரிப்பை அடக்கி வைத்திருப்பதை 2015-இல் காட்டினார்கள். மாலையில் அதன் பிடி தளர்ந்ததும் மணம் வருகிறது.

மல்லிகை மணத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் எதிர்பாராத ஒன்றையும் கண்டார்கள். 1962-இல் மல்லிகை எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வாசனைத் தொழிலுக்கு உரிய பொருளாகவே அது பல ஆண்டுகள் இருந்தது. 1990-இல் அமெரிக்காவில் ஃபார்மர், ரயன் என்ற இருவர், இந்த ஆவி காற்றில் பரவினாலே பக்கத்திலிருக்கும் தக்காளிச் செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கு எதிரான புரதங்களை இலையில் தயார்செய்துகொள்வதைக் கண்டார்கள். மல்லிகையில் முதலில் கண்ட வாசனைப் பொருள், தாவர உலகம் முழுவதும் ஆபத்தைச் சொல்லப் பயன்படுத்தும் சமிக்ஞைகளில் ஒன்று.

யாருக்காகக் காத்திருக்கிறது?

பூ நேரம் பார்ப்பது மகரந்தம் கடத்துபவர்களின் நேரத்தைப் பார்த்துத்தான். செம்பருத்திக்குச் சிவப்பு நிறமும் நிறைய தேனும் உண்டு, நமக்குத் தெரியும்படியான மணம் இல்லை. அது பறவைகளை அழைக்கும் பூவின் இலக்கணம். விடிந்ததும் தேன்சிட்டு வருகிறது. சில தேன்சிட்டுகள் முறையாக முன்வாசலில் வருவதில்லை. பூவின் அடியில் அலகால் துளையிட்டுத் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு மகரந்தத்தைத் தொடாமல் போய்விடும். வாடிய செம்பருத்தியின் அடிப்பகுதியைப் பார்த்தால் சில சமயம் துளை தெரியும்.

டேபிள் ரோஸ் தேனீக்கள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் திறக்கிறது. விரிந்த பூவுக்குள் இருக்கும் மகரந்தத் தண்டுகளை ஒரு துடைப்பக்குச்சியின் நுனியால் லேசாகத் தொட்டால் அவை மெல்ல அசைவதைக் காணலாம். தேனீ கால் வைத்ததும் அதன் உடம்பில் மகரந்தம் ஒட்ட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வேடிக்கை பால்கனியில் கிடைக்காது.

மாலைப் பூக்களின் விருந்தாளி அந்துப்பூச்சி. இருட்டில் நிறத்துக்குப் பயனில்லை. அதனால் அவற்றில் பலவும் வெள்ளை அல்லது வெளிர் நிறம், கூடவே மணம். நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி, பூவின் முன்னே பறந்தபடியே நின்று தேன் குடிக்கும். அந்திமந்தாரையின் நீண்ட மெல்லிய குழல் அதற்கு ஏற்ற அளவு. அந்திமந்தாரையில் நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதி உண்மையில் இதழல்ல, புல்லிவட்டம். அந்தப் பூவுக்கு அல்லி இதழே கிடையாது. ஒரே செடியில் மஞ்சளும் சிவப்பும் தெறித்த மாதிரி பூ வருவதும் உண்டு. நிறமி உண்டாக்கும் மரபணுவுக்குள், இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டு புகுந்து வெளியேறுவதால் ஏற்படும் விளைவு அது.

இரங்கூன் மல்லி இன்னும் சாமர்த்தியமானது. கொடியில் வெள்ளை, ரோஜா, சிவப்பு என்று மூன்று நிறப் பூக்கள் ஒரே கொத்தில் தொங்கும். மூன்றும் ஒரே பூவின் மூன்று வயது. மாலையில் வெள்ளையாக விரிந்து முதல் இரவு அந்துப்பூச்சிகளை அழைக்கிறது. மறுநாள் ரோஜா நிறமாகவும் அதற்கடுத்த நாள் சிவப்பாகவும் மாறிப் பகலில் பறக்கும் பூச்சிகளையும் பறவைகளையும் இழுக்கிறது. நாட்கள் செல்லச் செல்ல இதழில் நிறமி சேர்வதே காரணம். அந்தக் கொடி இருக்கும் வீட்டில் எந்தப் பூ நேற்றையது, எது இன்றையது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதில் மல்லிகைக்கு மட்டும் ஒரு தனிக் கதை. நம் தோட்டத்துக் குண்டுமல்லி விதை வைப்பது அரிது. குச்சி வெட்டி நட்டோ பதியம் போட்டோதான் தலைமுறை தலைமுறையாக அதைப் பெருக்குகிறோம். மகரந்தம் கடத்த அந்துப்பூச்சி வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு இனி ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாலையும் தவறாமல் விரிந்து மணக்கிறது. தன் மூதாதையர் இரவுப்பூச்சிக்காக அமைத்த நேரத்தை அது இன்னும் விடவில்லை. அந்த மணத்துக்கு மயங்கி அதை ஊர் ஊராக எடுத்துச்சென்று நட்டவன் மனிதன். பிலிப்பைன்ஸ் நாடு 1934-இலேயே அதைத் தன் தேசியப் பூவாக்கிக்கொண்டது. இரவுப்பூச்சிக்கு வைத்த அழைப்புக்கு மனிதர்கள் வந்தார்கள், செடிக்கு நட்டமில்லை.

ஓர் இரவுக்கு மட்டும்

நேரத்தின் விஷயத்தில் மிகக் கறாரானது நிஷாகந்தி. பிரம்மகமலம் என்றும் வீடுகளில் சொல்வார்கள். இமயமலையில் பூக்கும் பிரம்மகமலம் வேறு இனம், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காட்டு மரங்களின் மேல் தொற்றி வளரும் ஒரு கள்ளி. இலை என்று நாம் நினைப்பது அதன் தட்டையான தண்டு. அந்த 'இலை'யை வெட்டி நட்டாலே புதுச்செடி வரும்.

கள்ளிச் செடிகள் பகலில் வாய்த்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்கின்றன. வெயில் நேரத்தில் துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பூவும் அதே கணக்கில் இரவில் திறக்கிறது. ஒரு சாண் அகல வெள்ளைப் பூவை நண்பகல் வெயிலில் விரித்துவைப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. இரவு ஒன்பது மணிவாக்கில் விரியத் தொடங்கி, நள்ளிரவில் முழுதாக மலர்ந்து, விடியும்போது தொங்கிவிடும்.

மொட்டு வளர வாரக்கணக்கில் ஆகும். மலரும் நாளன்று மாலையே மொட்டு மேல்நோக்கி வளைந்து உப்பித் தயாராகிவிடுவதால், அன்றிரவு பூக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்ததும் மாடிவீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுவது வழக்கம். பேசாமலே பழகிவிட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில்கூட, ஒரு பூவைப் பார்க்க ஐந்தாறு பேர் இரவு உடையில் கூடி நிற்பார்கள். செலவில்லாத விருந்து.

ஆண்டுக் கணக்கும் உண்டு

நாளின் நேரத்தைப் போலவே ஆண்டின் நேரத்தையும் செடி எண்ணுகிறது. செவ்வந்தியும் டிசம்பர் பூவும் மார்கழியை ஒட்டிப் பூத்துக் குலுங்குவது குளிரால் மட்டும் அல்ல. 1920-இல் கார்னர், அல்லர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், கோடையில் பூக்காமல் ஓங்கி வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலைச் செடியைத் தினமும் சில மணி நேரம் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிவைத்தார்கள். பகல் குறைந்ததாக நினைத்துக்கொண்டு அது கோடையிலேயே பூத்தது. செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தைத்தான் என்பது 1938-இல் தெளிவானது. நீண்ட இரவின் நடுவே சிறிது வெளிச்சம் பட்டாலே இத்தகைய செடிகள் பூக்காமல் நின்றுவிட்டன.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நாம் அதைப் பெரிதாக உணர்வதில்லை. செவ்வந்தி உணர்கிறது. பசுமைக்குடில்களில் செவ்வந்தி வளர்ப்பவர்கள், பூ தள்ளிப்போக வேண்டுமானால் இரவில் விளக்குப் போடுகிறார்கள். சீக்கிரம் வேண்டுமானால் மாலையிலேயே கறுப்புத் துணியால் மூடுகிறார்கள். வீட்டில் செவ்வந்தி தழைத்து வளர்ந்தும் பூக்கவில்லை என்றால், உரத்தைக் குறை சொல்வதற்கு முன் இரவில் அதன்மேல் தெருவிளக்கோ போர்டிகோ விளக்கோ விழுகிறதா என்று பாருங்கள். தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்தி வைப்பதே பல சமயம் போதும்.

குண்டுமல்லிக்கு வேறு முறை. அது புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் பூ வைக்கும். நவம்பர் கடைசியில் செடியை ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, நோயுற்ற கிளைகளை நீக்கி, எரு வைத்தால், பங்குனி வாக்கில் பூக்கத் தொடங்கிக் கோடை முழுவதும் பூக்கும். வெட்ட மனம் வராமல் விட்டுவைத்த செடியில் இலைதான் மிஞ்சும்.

அடுக்களையில் ஒரு சோதனை

பூவின் நிறத்தையும் வீட்டிலேயே ஆராயலாம். சங்குப்பூ நாலைந்தை வெந்நீரில் போட்டால் நீர் ஆழ்ந்த நீலமாகும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அது ஊதாவாகும். சமையல் சோடா போட்டால் பச்சைப் பக்கம் திரும்பும். ஆந்தோசயனின் என்ற நிறமியின் வடிவம், அமிலத்திலும் காரத்திலும் மாறுவதே காரணம். செம்பருத்திச் சாறும் இதே போல் நிறம் மாறும். ஆனால் டேபிள் ரோஸிலும் அந்திமந்தாரையிலும் இருப்பது பீட்டாலெயின் என்ற வேறு நிறமி. பீட்ரூட்டில் இருப்பதும் அதுதான். அதில் எலுமிச்சை பிழிந்தால் பெரிய மாற்றம் தெரியாது. இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து காணப்பட்டதே இல்லை. பவளமல்லியின் ஆரஞ்சுக் காம்பில் இருப்பது மூன்றாவது வகை. குங்குமப்பூவுக்கு நிறம் தரும் பொருளின் உறவு அது. முன்பு துணிக்குச் சாயமேற்றவும் பயன்பட்டது.

எந்த வீட்டுக்கு எந்தப் பூ

இனி செடி வாங்கப் போகும்போது, "எது அழகாக இருக்கும்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் எது பூக்கும்?" என்றும் கேளுங்கள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, காபி குடிக்கும் வரைதான் நேரம் என்றால் செம்பருத்தியும் சங்குப்பூவும் ஏற்றவை. சங்குப்பூ பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு வளம் சேர்க்கும். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு டேபிள் ரோஸும் இட்லிப்பூவும். இட்லிப்பூவுக்கு வண்ணத்துப்பூச்சி தேடி வரும். டேபிள் ரோஸுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் அவசியம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

வேலை முடிந்து இருட்டும்போது வீடு திரும்புபவர்கள் அந்திமந்தாரை, குண்டுமல்லி, இரங்கூன் மல்லி வைக்கலாம். மண் தரை உள்ளவர்கள் பவளமல்லியும் நடலாம். அந்திமந்தாரையின் விதையும் கிழங்கும் நச்சு. மிளகு போலக் கறுப்பாக இருக்கும் விதையைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் குறைந்த பால்கனி என்றால் நிஷாகந்தி. அதற்கு நேர்வெயில் ஆகாது.

வாங்கி வைத்ததும் ஒரு பழைய நாட்காட்டியின் ஓரத்தில் எந்தப் பூ எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது மூடியது, அன்று வெயிலா மேகமா என்று குறித்து வாருங்கள். ஒரு பருவம் குறித்தால் உங்கள் வீட்டுக்கென்று ஒரு பூக்கடிகாரம் கிடைத்துவிடும். லின்னேயசுக்கும் இராபர்ட் நாக்ஸுக்கும் இருந்த கருவி கண் ஒன்றுதான். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை இன்னும் எளிது: அந்த நேரத்தில் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். பூ தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாது. நாம்தான் நம் நேரத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.